பட்டுப்பூச்சி என்று கேட்டால் புழுவைக் காட்டுவார்கள்

இருபத்தாறு வயதுவரை நான் பட்டுப்பூச்சியைப் பார்த்ததில்லை. மழைக்கு மறுநாள் மண்ணிலிருந்து வரும். மிளகளவு. சிவப்பு வெல்வெட் உடம்பு, எட்டுக் கால். இப்போதெல்லாம் காண்பதே அரிது என்றார்கள். இது 2012, ஆடி; போன வாரம்தான் போனேன். முந்தின நாள் நல்ல மழை. காலை 6.10க்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்கு ஒரு மணி நேரம், இருபத்திரண்டு ரூபாய்.

அங்கிருந்து பெருமுக்கல் பக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது. “பட்டுப்பூச்சி பாக்கணும்” என்றேன். ஓட்டுநர் ஏழுமலை மறுகேள்வி கேட்காமல் ஒரு கொட்டகை வாசலில் நிறுத்தினார். உள்ளே தட்டுத் தட்டாக வெள்ளைப் புழுக்கள் மல்பெரி இலை தின்றுகொண்டிருந்தன.

“புழுதான் சார் இருக்கு,” என்றார் கொட்டகைக்காரர். “பூச்சி ஆவறதுக்குள்ள கூட்டை வித்துடுவோம்.”

“இது இல்லீங்க. செவப்பா, மண்ணுல ஊருமே...”

“அட, அந்தப் பூச்சியா!” என்றார் ஏழுமலை. “அதுக்கா ஆட்டோ வெச்சிக்கினு வந்தீங்க? பேஜாரு சார் உங்களோட. எங்க அக்கா கொல்லியில கீது, வாங்க.”

அரை ஏக்கர் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. சுற்றிலும் சவுக்கு. மணி 8.20. அக்கா முதுகில் மருந்து டேங்க்கோடு நின்றிருந்தார். வரப்போரப் புல்லடியில் சிவப்புப் புள்ளிகள். பதினொன்று எண்ணினேன். மண்டியிட்டு விரலை நீட்டினேன். ஒன்று வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போனது.

“எழுந்திரு தம்பி, புல்லு மருந்து அடிக்கணும்.”

“அடிச்சா இதுங்க?”

“போன வருசம் அந்தாண்ட பாதிக்கு அடிச்சேன். அங்க ஒண்ணுகூட காணோம். என்ன பண்றது? களை வெட்ட ஆளு கெடைக்கல. மல்லாட்டை போச்சுன்னா உன் பூச்சியா எனக்கு எண்ணெய் குடுக்கும்?”

“நான் வெட்டறேன்க்கா” என்றேன்.

அக்கா டேங்க்கை இறக்கிவிட்டுக் களைக்கொத்தைக் கொடுத்தார். ஏழுமலை கிளம்பவில்லை. “இதைப் பாக்காம போவ மாட்டேன்.”

“நீயும் எறங்கேன்டா.”

“எனக்கு இடுப்பு வலிக்குதுக்கா.”

முதல் பத்து நிமிடத்தில் மல்லாட்டைச் செடி நான்கு போயின. “புல்ல வெட்டு தம்பி! செடிய மேய எங்கூட்டு ஆடே போதும்.”

பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. பூச்சிகள் புத்திசாலித்தனமாக மண்ணுக்குள் போய்விட்டன. நான் இரண்டு வரிசை முடித்திருந்தேன். மீதிக் கொல்லை முழுக்க அப்படியே. அக்கா பார்த்தார். டேங்க்கை மறுபடி முதுகில் ஏற்றினார்.

“வரப்போரம் உன் ரெண்டு வரிசைய விட்டுடறேன். பதினஞ்சு நாள்ல புல்லு திரும்ப வரும். நீ வரலன்னா அதுக்கும் சேத்து அடிப்பேன்.”

ஓர் உயிரினம் என் முதுகெலும்பை நம்பியிருப்பது, அந்த உயிரினத்துக்கு நல்ல செய்தியல்ல.

போகிறவர்கள் மழைக்கு மறுநாள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வெல்வெட் பூச்சி என்று கேளுங்கள். கையில் எடுக்காதீர்கள். அக்கா எனக்கு வைத்த கெடு, வரும் வியாழன். பூச்சிகள் மேல் பரிவுள்ள நண்பர்கள் ஆறு பேரிடம் கேட்டுவிட்டேன். களை வெட்ட ஆள் கிடைக்கவில்லை.