திருப்பிச் சொல்லச் சொன்ன செல்வராணி சிஸ்டர்

போர்ட் பிளேர் போகும் வழியில், கப்பலிலேயே செல்வராணி சிஸ்டரின் உயிர் பிரிந்துவிட்டது. எங்கள் தீவின் கப்பல்துறையான ஹட் பே ஜெட்டியில் வேலை பார்க்கும் என் கணவர்தான் போனில் சொன்னார். மகளுக்காக மூடியில் ஊற்றிய மருந்தோடு அப்படியே நின்றேன்.

எங்கள் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து போர்ட் பிளேருக்கு அனுப்பப்படும் நோயாளிகளை, இரண்டு ஆஸ்பத்திரியிலும் பேசி ஒப்படைப்பதும், திரும்பியபின் வீடு தேடிப்போய் விசாரிப்பதும் நர்சான சிஸ்டரின் வேலை.

என் மகளுக்கு வலிப்பு. முதன்முறை போர்ட் பிளேர் போய்த் திரும்பியதும் சிஸ்டர் வந்தார்கள். "மருந்தெல்லாம் எடுத்து வைம்மா" என்றார்கள். அங்கே கொடுத்த புது சிரப்போடு பழையதையும் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தோம். குழந்தை நாளெல்லாம் தூங்கியது அதனால்தான். பழையதை நிறுத்தும்படி அங்கே ஹிந்தியில் வேகமாகச் சொன்னதற்கு, புரியாமலே தலையாட்டிவிட்டு வந்திருந்தோம்.

உடனே போர்ட் பிளேர் டாக்டரை போனில் அழைத்து உறுதி செய்துகொண்டு, அவர் சொன்னதை எங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள்.

"பரீட்சையா சிஸ்டர்?" என்றார் கணவர்.

"ஆமா தம்பி. தலையாட்டினா மார்க் கிடையாது. வாயால சொல்லுங்க."

டாக்டர்களையும் விட்டதில்லை. "டீக் ஹை", அதாவது சரி, என்று போனை வைக்கப் பார்ப்பவரிடம், "ஏக் பார் ஆப் போலியே, சார்" என்பார்கள். ஒருமுறை நீங்கள் சொல்லுங்கள். சிலர் எரிந்து விழுவார்கள். "எனக்கா தோணிச் சொல்லல. எத்தனையோ ஆஸ்பத்திரில பார்த்திருக்காங்க. கேட்டவங்க திருப்பிச் சொன்னாத்தான் தப்பு அங்கேயே மாட்டும்" என்பார்கள் சிஸ்டர்.

போன வாரம் சிஸ்டருக்கே மூச்சு முட்டியது. மழையில் ஹெலிகாப்டர் வரவில்லை. கப்பலுக்குக் காத்திருந்த சிஸ்டரைப் பார்க்கப் போனேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார்கள்.

"பாப்பாக்கு இழுத்தா என்ன செய்வே?"

"ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். நேரம் பார்ப்பேன். நிக்கலன்னா ஆஸ்பத்திரி."

"வாயில?"

"எதுவும் வைக்க மாட்டேன், சிஸ்டர்."

கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அது.

நேற்று மகளுக்கு மறுபடி இழுத்தது. போர்ட் பிளேருக்கு அனுப்புகிறார்கள். சிஸ்டரின் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போனை நானே வாங்கி, தெரிந்த ஹிந்தியில் மருந்து உட்பட எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்து டாக்டர் "டீக் ஹை" என்றார். சிஸ்டர் கேட்பதையே நானும் கேட்டேன்.

"ஏக் பார் ஆப் போலியே, சார்."

அவர் சொன்னது நிறுத்திவிட்ட பழைய சிரப்பின் பெயர்.

திருத்தினேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இன்று அதே கப்பலில் குழந்தையோடு போகிறேன். கடலைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

போய் வாருங்கள், சிஸ்டர். டாக்டர் சரியாகச் சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை.