அம்பு பட்ட புனிதருக்கு என் மூஞ்சி

மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்த அந்தக் கராஜுக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஈரச் சுண்ணாம்பு, பூனை மூத்திரம், ஊசிப்போன சீஸ். நடுவில் ஒஸ்திரியாக்காரச் சிற்பி நின்றார். தன் மலைக் கிராமத்தில் மரச் சொரூபம் செதுக்கப் பழகி, இளைஞராக மொன்றியலுக்கு வந்து, இங்குள்ள கோயில்களுக்கெல்லாம் புனிதர்களைச் செய்துகொடுத்தவர். கோயில்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டதும், இறைச்சிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சாந்தில் பன்றித் தலை வார்த்துப் பிழைத்தார். மூலையில் சில தலைகள் இன்னும் என்னைப் பார்த்து இளித்தன.

எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் திருவிழாவுக்கு அம்பு பட்ட புனிதர் தேவைப்பட்டார். "வெள்ளைக்கார மூஞ்சி வேண்டாம், எங்கட ஆள் மாதிரி இருக்கோணும்" என்றது பங்குச் சபை. அச்செடுக்க முகம் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நான் பகிடிக்குக் கையைத் தூக்கினேன்.

"அண்ணையின்ர மூஞ்சிக்கு அம்பு விடக் கனபேருக்கு ஆசை!" என்றான் ஒருவன். கைதட்டி முடிவாக்கிவிட்டார்கள்.

கிழவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இதுதான் தன் கடைசிச் சொரூபம், இன்னொரு முறை அச்செடுக்க ஏலாது, தயவுசெய்து அசையாதே என்று உடைந்த ஆங்கிலத்தில் கெஞ்சினார். சாந்து ஒட்டாமலிருக்க மீசைக்குப் பூச வசிலின் டப்பாவை நீட்டினார். அதற்குள் யார் யாருடைய மயிரோ கிடந்தது. வீட்டிலிருந்தே தேங்காயெண்ணெய் பூசி வந்திருக்கிறேன், அது போதும் என்றேன். எங்கள் ஆட்களுக்குத் தேங்காயெண்ணெய் எதற்குத்தான் போதாது!

தான் குடித்து முடித்த ஐஸ் கோப்பியிலிருந்து இரண்டு ஸ்ட்ரோவை உருவி, ஏப்ரனில் துடைத்து, என் மூக்கில் செருகினார். பிறகு முகத்தில் சாந்து விழுந்தது, குளிர்ந்த வாந்தி போல. இறுக இறுக அது சூடேறியது. எண்ணெய் உருகி வழிய, மீசையைச் சாந்து கவ்விக்கொண்டது. யாரோ உறிஞ்சிய குழாயால் மூச்சு விட்டபடி, என் செத்தவீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று கற்பனை செய்தேன். அந்தக் கற்பனையிலும் கூட்டமில்லை. எழும்பி ஓடியிருப்பேன். ஆனால் அந்த நடுங்கும் விரல்கள் என் தாடையைப் பிடித்திருந்தன. பயம் முழுவதையும் முகத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

அச்சைக் கழற்றியபோது பாதி மீசையும் கூடவே போனது. நான் குழறிய குழறலில் பூனை ஓடியது. கிழவர் அச்சுக்குள் எட்டிப் பார்த்தார். இதுவரை தான் செய்த புனிதர்களின் முகமெல்லாம் நித்திரைகொள்கிற முகம், இவன்தான் உண்மையிலேயே சாகப் பயப்படுகிறான் என்றார். மூக்கைச் சிந்தி, அதே கையால் என் கன்னத்தைத் தடவினார்.

திருவிழாவன்று சனம் வரிசையில் நின்று சொரூபத்தின் முகத்தில் உதடு பதித்து முத்தி செய்தது. லிப்ஸ்டிக், எச்சில், ஏதோ குழந்தையின் மூக்குச்சளி, எல்லாம் என் முகத்தில். நான் என் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். கடைசி வரிசை வாங்கில் இருந்த கிழவரோ வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் எழும்பவில்லை.

"நீர் போகேல்லையோ?"

"வீட்டிலையே கொஞ்சாத மூஞ்சி. இஞ்ச ஊராற்ற துப்பலோட கொஞ்சச் சொல்லுறியளோ?"