இடுப்புக்கு மேலே

ராணுவ பூட்ஸைச் செருப்பு தைக்கும் நசீர் அகமதிடம் கொடுப்பதற்கு முந்தின நாள், அப்பா முனிரத்தினமும் பாரதியும் சேர்ந்து அதைக் காயவைத்தார்கள். மாடியில் வைத்து மறந்ததில் மழை புகுந்திருந்தது. பாரதி ராணிப்பேட்டையில் இயந்திரப் பொறியாளர். ஹேர் டிரையரை எடுத்து வந்தாள்.

"அய்யோ, இன்னாமா பண்ற? அத கீழ வை!" முனிரத்தினம் அலறினார். "உள்ள பேப்பர் திணிச்சு நிழல்ல போடு. சூடு மட்டும் ஆவாது."

"யாருப்பா சொன்னது?"

"காங்கோ சொல்லுச்சு."

காங்கோ கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஐ.நா. அமைதிப்படையில் அவர் போயிருந்த முகாமில் மழை விடவே விடாது. கூடாரத்துக்குள் செஞ்சேறு. கொசுவலைக்குள் கொசு, வெளியே சிப்பாய். உலர்ந்த சாக்ஸ் வேண்டுமானால் ராத்திரி அதை வயிற்றின்மேல் பரப்பிக்கொண்டு தூங்க வேண்டும்.

அவருடையது அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம். வடநாட்டுத் தோஸ்துகளுக்கு அணைக்கட்டு விளங்காதென்று, சொந்த ஊர் தோலுக்குப் பேர்போன ஆம்பூர் என்று சொல்லி வைத்திருந்தார். அதுதான் வினை. பதக்க அணிவகுப்புக்கு முந்தின நாள் எல்லோருடைய பூட்ஸும் ஊறிக் கிடந்தது. ஆம்பூர்க்காரனுக்குத் தோல் தெரியாதா என்று மேஜர் அத்தனையையும் இவர் தலையில் கட்டினார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, ஆம்பூர் மானம்! சமையல் அடுப்பைச் சுற்றி வரிசையாக அடுக்கினார். விடிந்தபோது எல்லாம் அப்பளமாகச் சுருண்டிருந்தன.

ரப்பர் செருப்போடு நின்று பதக்கம் வாங்கினார்கள். படம் எடுப்பவனுக்கு மேஜர் போட்ட உத்தரவு ஒன்றுதான்: இடுப்புக்கு மேலே மட்டும்.

அந்தப் படம்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நிமிர்ந்த மார்பு, பதக்கம். காலே இல்லை.

"சாவறதுக்குள்ள பூட்ஸோட முழு போட்டோ ஒண்ணு எடுத்துடணும்மா," என்பார். வருஷா வருஷம் தள்ளிப்போயிற்று. இந்தச் சுதந்திர தினத்துக்குக் கட்டாயம் என்று முடிவு செய்து, தேய்ந்த அடியை மாற்ற ஆம்பூரில் நசீரிடம் கொடுத்தார். வியாழக்கிழமை போய் வாங்க வேண்டும்.

புதன்கிழமை, காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை.

மறுநாள் காலை, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிப்பவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழு போட்டோ இல்லியாக்கா? ஆள் உசரத்துக்கு வெச்சா கெத்தா இருக்கும்."

"இடுப்புக்கு மேலதான் இருக்குது," என்றாள் பாரதி. சிரித்துவிட்டாள். ஃபிளெக்ஸ்காரர் பயந்துபோய் அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அப்போது நசீர் போனில் கூப்பிட்டார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பா போன் எடுக்க மாட்றாரேம்மா? பூட்ஸ் ரெடி. அடுப்பாண்ட வெக்கல, நிழல்லதான் வெச்சிருக்கேன்னு சொல்லு. இல்லாட்டி ஒரே பேஜார் பண்ணுவாரு."

"சொல்றேன் பாய்," என்றாள்.

பூட்ஸ் இன்னும் ஆம்பூரில்தான் இருக்கிறது.