மாப்பிள்ளை வீட்டார் இல்லாத முதல் பந்தி

“மாப்ள எங்கம்மா?” என்று கேட்டார் தேர்தல் பறக்கும் படை அதிகாரி.

அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர். எனக்குப் பின்னால் மேடையில் மாலையும் கழுத்துமாக இரண்டு மணப்பெண்கள். மேடைக்குக் கீழே வெள்ளை வேட்டியில் ஒரு வேட்பாளர். பக்கத்து ஹாலில் இலை போட்டு, இனிப்பு வைத்து, ஒருவர்கூட உட்காராத பந்தி.

கரண்ட் எங்கே, தண்ணீர் எங்கே, மேளக்காரர் எங்கே என்று எத்தனையோ கேள்விகளுக்கு ஓடி ஓடிப் பதில் சொன்னவள் நான். மாப்பிள்ளை எங்கே என்று ஒரு அரசாங்க அதிகாரி கேட்டது அன்றுதான் முதல் முறை.

1. மண்டபமும் தேர்தலும்

அதியமான்கோட்டைப் பக்கம் ஹைவேயை ஒட்டி எங்கள் கல்யாண மண்டபம். நான் அதன் மேனேஜர். ஊரில் என் பெயர் பலருக்குத் தெரியாது, மேனேஜரம்மா என்றால் தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மண்டபம் என்றால் கல்யாணம் மட்டும் என்று நினைத்து வராதீர்கள். மறியல் செய்தவர்களைப் பிடித்தால் போலீஸ் சாயங்காலம் வரை உட்கார வைப்பது மண்டபத்தில்தான். கட்சிக்காரர்களின் கூட்டமும் மண்டபத்தில்தான். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்களையெல்லாம் அழைத்து ஒரு கூட்டம் போடுவார்கள். கல்யாணம், காதுகுத்து என்ற பெயரில் கட்சி விருந்து நடந்தால் மண்டபத்துக்கு சீல் என்று சொல்லி அனுப்புவார்கள். அதில் தப்பும் இல்லை. எங்கள் பக்கம் தேர்தல் வந்தால் திடீரென்று நிறைய காதுகுத்து நடக்கும். பிரியாணி இருக்கும், கூட்டம் இருக்கும். காது குத்த வேண்டிய குழந்தையைத்தான் கடைசிவரை பார்க்க முடியாது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பழனியம்மாள் புக்கிங்குக்கு வந்தார்.

2. “மாப்ள பேரு சொல்லுங்க”

பழனியம்மாளுக்கு ஏரியூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு, இரண்டு மாடு. வீட்டுக்காரர் காலமான பிறகு இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தவர். மூத்தவள் கல்யாணம் எங்கள் மண்டபத்தில்தான் நடந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பளம் நொறுங்கியிருந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஞ்சாயத்தே வைத்தார்கள். எல்லோரையும் சமாதானம் செய்து, சாப்பிட வைத்து, வழியனுப்பிவிட்டு, பழனியம்மாள் அண்டா கழுவுகிற இடத்தில் நின்றபடியே ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் எங்கள் மண்டபத்தில் அப்படித்தான் சாப்பிடுவார்கள். நானும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன்.

இந்த முறை இளையவள் கவிதாவும், அவளோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தார்கள்.

“மாப்ள பேரு சொல்லுங்க” என்றேன், வழக்கம்போல.

“பவித்ரா” என்றாள் கவிதா.

“பொண்ணு பேரு அப்பறம் எழுதிக்கலாம் பாப்பா. மொதல்ல மாப்ள பேரு.”

கூட வந்த பெண் சிரித்துவிட்டாள். “ரெண்டும் பொண்ணு பேருதாங்க. அவ கவிதா, நான் பவித்ரா. எங்க ரெண்டு பேருக்குந்தான் கல்யாணம்.”

நான் பேனாவை மூடிவிட்டுப் பழனியம்மாளைப் பார்த்தேன்.

“என்னைய எதுக்குங்க பாக்கறீங்க? அழுக வேண்டியதெல்லாம் அழுது முடிச்சிட்டுத்தான் வந்திருக்கறேன்” என்றார் அவர். “ஓசூர்ல ஒரே கம்பெனில வேல, ஒரே வூட்லதான் இருக்கறாங்க. ஊருக்குள்ள இவள ஓடிப்போனவளாட்டம் பேசறாங்க. பெரியவளுக்கு இந்த மண்டபத்துல எலை போட்டனுங்க. சின்னவளுக்கும் இதே மண்டபத்துலதான் போடணும். ஒரு கொறையும் வெக்கக் கூடாது.”

“சட்டத்துல இது…” என்று இழுத்தேன்.

“பதிவு பண்ண முடியாதுங்க” என்றாள் பவித்ரா. “அது சட்டம் போடறவங்க வேலைன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. சட்டம் போடறவங்க இப்ப ஓட்டுக் கேட்டுட்டு இருக்காங்க. அதுவரைக்கும் சாப்பாடாவது போட்டு வெப்பமேன்னு.”

முதலாளிக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “கட்சிக் கூட்டம் இல்லைல்ல?” என்றார். இல்லை என்றேன். “அப்பக் குடுத்துருங்க” என்று வைத்துவிட்டார். தேர்தல் நேரத்து முதலாளிகளின் பயம் எப்படியெல்லாம் நல்லது செய்கிறது பாருங்கள்.

எனக்கு அன்று எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெற்றவளே இலை போட வந்து உட்கார்ந்திருக்கும்போது நடுவில் நான் யார் என்று மட்டும் தோன்றியது.

3. ஏசி ரூம்

எங்கள் மண்டபத்தில் மணமகன் அறைக்குத்தான் ஏசி. மணமகள் அறைக்கு ஒரு ஃபேன், அதுவும் கடகடவென்று சத்தம் போடும். பட்டுப்புடவையும் நகையும் பூவுமாக வேர்த்து விறுவிறுத்துப் போவது பெண். ஏசியில் வேட்டியோடு உட்கார்ந்து போன் பார்ப்பது மாப்பிள்ளை. இதை முதலாளியிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கல்யாணத்தன்று இரண்டு பெண்களும் பேசாமல் மணமகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த ஏசிக்கு அன்றைக்குத்தான் விமோசனம்.

காலையில் நல்ல நேரத்தில் இருவரும் மாலை மாற்றி, மோதிரம் போட்டுக்கொண்டார்கள். பவித்ராவின் அம்மா ரத்னம்மா தொப்பூரில் டீக்கடை வைத்திருப்பவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மேடையோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கம்பெனித் தோழிகள் போட்ட விசிலில் மேளச் சத்தம் கேட்கவில்லை.

ஒருவர் மட்டும் உள்ளே வரவில்லை. பழனியம்மாளின் தம்பி, கவிதாவுக்குத் தாய்மாமன். செருப்பைக் கழற்றாமல் கேட் பக்கமே நின்றார். “சட்டமே கல்யாணம்னு ஒத்துக்கல. நீ எலை போட்டா ஆயிருமா?” என்று அக்காவிடம் ஊரிலேயே சண்டை போட்டவர். ஏரியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மேடையைப் பார்த்ததைவிட அவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அவர் திரும்பிப் போனால் அவர்களும் கிளம்பிவிடுவார்கள். பழனியம்மாளுக்கும் அது தெரியும். ஆனாலும் கேட் பக்கம் பார்க்காமல் சாம்பார் வாளியோடு அலைந்துகொண்டிருந்தார்.

4. யாரும் உட்காராத பந்தி

சமையல் மாஸ்டர் இலை போட்டு, உப்பு, இனிப்பு, பொரியல் எல்லாம் வைத்து முடித்தார். அடுப்படியில் சுடச்சுட ஒப்புட்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் போளி என்பார்களே, அதுதான். மாஸ்டர் வாசலில் நின்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

“மாப்ள வூட்டுக்காரங்கல்லாம் மொதப் பந்திக்கு வாங்க!”

ஒருவரும் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார வேண்டும், பெண் வீட்டார் நின்று பரிமாற வேண்டும். இங்கே இரண்டும் பெண் வீடு. ஏரியூர்க்காரர்கள் ஆளுக்கொரு வாளியோடு இந்தப் பக்கம் நின்றார்கள். தொப்பூர்க்காரர்கள் ஆளுக்கொரு தட்டோடு அந்தப் பக்கம் நின்றார்கள். “நீங்க உக்காருங்க” என்று இவர்கள், “அய்யோ, நீங்க மொதல்ல” என்று அவர்கள். சாப்பாட்டுக்குச் சண்டை வந்த கல்யாணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பிட ஆள் கிடைக்காத கல்யாணத்தை அன்றுதான் பார்த்தேன்.

மாஸ்டர் என்னிடம் வந்து, “என்னாங்க மேனேஜரம்மா, ஒப்புட்டு ஆறுது” என்று அழாத குறையாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன.

5. வெள்ளை வேட்டி

முகூர்த்த நாளில் வேட்பாளர்கள் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குவது சகஜம். யாரும் அழைத்திருக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை கையைக் குலுக்கி, போட்டோவுக்கு நின்று, கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த மண்டபம். வந்தவர் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சிக்கும் மண்டபம் வேண்டும், எங்களுக்கும் எல்லாக் கட்சியும் வேண்டும்.

விறுவிறுவென்று மேடை ஏறினார். குலுக்கக் கையை நீட்டிக்கொண்டே தேடினார்.

“மாப்ள எங்க, கை கழுவப் போயிட்டாரா?”

“மாப்ள இல்லீங்கய்யா. நாங்க ரெண்டு பேருதான்” என்றாள் கவிதா.

நீட்டிய கை அப்படியே கும்பிடாக மாறியது. கும்பிட்ட கையைப் பிரிக்காமலே படியிறங்கினார். அவர் கார்களைப் பின்தொடர்ந்து வந்த பறக்கும் படை அப்போதுதான் உள்ளே நுழைந்தது. மாப்பிள்ளை எங்கே என்று என்னைக் கேட்டதும் அப்போதுதான்.

“மாப்ள இல்லீங்க சார். ரெண்டு பொண்ணுங்களுக்கும்தான் கல்யாணம்” என்றேன்.

அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் விதி தெரிந்த மனிதர். “அது சட்டப்படி கல்யாணம் இல்லியேம்மா. அப்ப இந்தக் கூட்டம் எதுக்கு? எலை போட்டிருக்கு, ஒருத்தரும் சாப்பிடல. யாருக்காக வெச்சிருக்கீங்க?” வேட்பாளரிடம் திரும்பினார். “உங்க நிகழ்ச்சிங்களா சார்?”

“எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. கல்யாணமும் இல்ல, இது என்னா விசேஷம்னே எனக்குத் தெரியாது. வழியில இருந்துச்சுன்னு ஏறினேன்” என்றார் வேட்பாளர்.

பழனியம்மாள் வாளியோடு மேடைப் பக்கம் ஓடி வந்தார். கேட் பக்கம் நின்ற தம்பி ஒரு எட்டு உள்ளே வந்து பார்த்தார். சொந்தக்காரர்கள் பைகளைத் தேட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டை நிறுத்தினால் கல்யாணமே நடக்கவில்லை என்று ஊர் பேசும், அந்தம்மா இனி ஏரியூரில் தலை நிமிர முடியாது.

அதிகாரி யோசித்தார். “கல்யாணம் இல்லேங்கறீங்க. உங்க வண்டிங்க வாசல்ல நிக்குது. இத்தன பேருக்குச் சாப்பாடு ரெடியா இருக்கு. அப்ப இத உங்க விருந்துன்னுதான் சார் நான் எழுதணும். முழுச் செலவும் உங்க தேர்தல் கணக்குல ஏறும்.”

வேட்பாளரின் ஏஜென்ட் அவர் காதில் ஓதியதில் செலவு லிமிட் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. வேட்பாளரின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“யாருங்க கல்யாணம் இல்லேன்னு சொன்னது?” என்று குரலை உயர்த்தினார். “மாலை மாத்திருக்காங்க, மேளம் இருக்குது, பெத்தவங்க நிக்கறாங்க. வேற என்னா வேணும்? கல்யாணந்தாங்க இது!”

“அதை அந்தக் கேமராவப் பாத்து ஒருவாட்டி சொல்லிருங்கய்யா, வேல முடிஞ்சிரும்” என்றேன் நான்.

அவர் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். “இது கல்யாணம். பொண்ணு பேரு…” நான் எடுத்துக் கொடுத்ததும் தொடர்ந்தார். “கவிதா, பவித்ரா. ரெண்டு பேரும் நல்லாருக்கணும். நான் வாழ்த்த வந்தேன்.” கம்பெனித் தோழிகள் போட்ட விசிலில் அவரே கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. அடுத்த மண்டபத்துக்குப் போகும்போது நடையில் ஒரு துள்ளல்கூடத் தெரிந்தது.

6. சூடு

“எல்லாம் சரிம்மா. ஏன் ஒருத்தரும் உக்காரல?” என்று கேட்டார் அதிகாரி.

“மாப்ள வூடு உக்காந்தாத்தான் பொண்ணு வூடு உக்காரும்ங்க சார். இங்க ரெண்டும் பொண்ணு வூடு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் போலிருக்கிறது. “யாராச்சும் உக்காருங்கம்மா. கண்ணால பாத்துட்டு நான் கெளம்பிர்றேன்.”

பழனியம்மாள் வாளியைக் கீழே வைத்தார். நேரே போய் ரத்னம்மாவின் கையிலிருந்த தட்டையும் வாங்கி வைத்தார்.

“சம்மந்தி, வாங்க உக்காரலாம்.”

“அய்யோ, நாங்க பொண்ணு வூடுங்க!”

“நானுந்தான் பொண்ணு வூடு. ரெண்டு பேரும் சேந்து உக்காந்தா இங்க யாருங்க கேக்கறது?”

முதல் இரண்டு இலையில் இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்தார்கள். மாலையைக் கழற்றாமலே கவிதாவும் பவித்ராவும் அப்போதுதான் சுட்டெடுத்த ஒப்புட்டோடு பரிமாற வந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் உட்கார, பந்தி மளமளவென்று நிறைந்தது. என் தோளுக்குப் பின்னால், “நெய் எங்க இருக்குதுங்க?” என்று ஒரு குரல். திரும்பினால் தாய்மாமன். காலில் செருப்பு இல்லை. நெய்த் தூக்கை எடுத்துக் கொடுத்தேன். அக்காவின் இலையில் ஒப்புட்டு மேல் நெய் ஊற்றினார்.

பழனியம்மாள் ஒப்புட்டைப் பிய்த்து வாயில் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மேனேஜரம்மா, சூடா இருக்குதுங்க” என்றார்.

ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் நான் அழுதேன்.

7. கற்றுக்கொண்டது

சில நாள் கழித்து அதே வேட்பாளர் கூட்டம் போட எங்கள் மண்டபத்துக்கு வந்தார். “அன்னிக்குச் சொன்னத ஒருவாட்டி மைக்ல சொல்லுங்களேங்கய்யா” என்றேன். “எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. மத்தவங்க மொதல்ல சொல்லட்டும், அப்பறம் நாம சொல்லிக்கலாம்” என்றார். எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தபோது அவரிடமும் பேச்சை எடுத்தேன். அவரும் அதையேதான் சொன்னார். எனக்கு அந்த முதல் பந்திதான் நினைவுக்கு வந்தது. மைக்கில் காவிரித் தண்ணீர் பேசுகிறார்கள், தக்காளி விலை பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். இந்த இலைக்கு முன்னால் மட்டும் நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க என்று நிற்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புக்கிங்குக்கு யார் வந்தாலும் மாப்பிள்ளை பெயர் என்று ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று கேளுங்கள். இரண்டு அறைக்கும் ஏசி போடச் சொல்லி முதலாளியை அரித்துக்கொண்டே இருங்கள். பந்தி காலியாக நின்றால் பெண்ணைப் பெற்றவளைக் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். வழக்கம் ஒன்றும் கெட்டுப்போகாது. நான் பார்த்துவிட்டேன்.

பழனியம்மாள் இப்போதும் போன் செய்வார். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் ஒரே கேள்விதானாம்: “எம் பொண்ணு கல்யாணத்த எப்பங்க பதிவு பண்றது?” எல்லோரும் “பாக்கலாங்கம்மா” என்று சொல்லி நழுவப் பார்ப்பார்களாம். ஆனால் சட்டென்று நழுவ முடியாதாம். அவருடைய தம்பி கேட்டைச் சாத்திக்கொண்டு நின்றுவிடுகிறாராம்.

“அக்கா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.”