எங்கள் பாட்டுக்கு வந்த உரிமையாளர்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். அறுந்த நூலை ஒட்டுவது என் வேலை. கேட்க எளிதாக இருக்கும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஒட்டிப் பார்த்தால் தெரியும். வீடு திண்டுக்கல் டவுனில். காலையில் மில் பஸ் எங்கள் தெருமுனைக்கு ஏழு மணிக்கு வர வேண்டும். வந்த நாட்களை விட வராத நாட்கள் அதிகம். வந்தாலும், பைபாஸ் தாண்டியதும் வரும் மேட்டில் ஏற முடியாமல் இருமிக்கொண்டு நின்றுவிடும். டிரைவர் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் சாப்பாட்டுப் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கித் தள்ளுவோம். தள்ளி முடித்து மில்லுக்குப் போனால், நேரமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் திட்டுவார். பஸ்ஸை அனுப்பியதும் மில்தான், திட்டியதும் மில்தான்.

அப்படி ஒரு காலையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தள்ளிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

“ஏழு மணி வண்டிக்கு எட்டு மணிக்கு மூச்சு வரும்!”

பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த என் தோழி அடுத்த வரியைப் பிடித்தாள். “ஏத்தத்துல நின்னுபோனா எங்களுக்குத்தான் ஏச்சு வரும்!”

பின்னால் இருந்து யாரோ, “தள்ளுங்கடி தங்கச்சிமாரே, தள்ளுங்கடி!” என்றார்கள். மில் கேன்டீனில் சமைக்கும் அக்கா, பஸ்ஸின் கடைசி சீட்டில் எப்போதும் வாயே திறக்காமல் வருபவர், திடீரென்று தொண்டையைத் திறந்தார்.

“நம்ம தள்ளாம எது நகந்துச்சு, சொல்லுங்கடி!”

அந்த வரியைக் கேட்டதும் தோழி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு விசித்திரமானது. முதலில் விக்கல் மாதிரி இரண்டு, பிறகு நீளமாக ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு சீட்டி. சிரித்துக்கொண்டே துப்பட்டாவுக்குள் இருந்த போனை எடுத்தாள். “அக்கா, இன்னொருவாட்டி பாடுங்க!” என்று படம் பிடித்தாள். எல்லோருமே முதல் வரியிலிருந்து பாடினோம், அவள் மறுபடியும் அதே மாதிரி சிரித்தாள். பஸ் நகர்ந்தது, டிரைவர் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தார், நாங்கள் ஓடிப்போய் ஏறினோம். அவ்வளவுதான் வீடியோ.

தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட எட்டு வயது இளையவள். அவள் அத்தா தோல் கிடங்கில் கணக்கு எழுதுபவர். மில்லில் அவள் கோன் சுற்றும் பிரிவு. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ சேனல் வைத்திருந்தோம். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன வெஞ்சனம் என்று காட்டுவோம், சினிமாப் பாட்டுக்கு ஆடுவோம். அந்தப் பாட்டுகளுக்கு அடிக்கடி தடை வரும். “இது இன்னாருக்கு உரிமையானது” என்று ஓலை வரும். எடுத்துவிடுவோம். கோபம் வந்ததில்லை, அடுத்தவர் பாட்டுதானே. நான் யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். செல்போன் கடையில் கொடுத்து மெமரி கார்டில் புதுப்படம் ஏற்றிப் பார்த்தவள்தான் நான். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தப் படத்துக்காகவும் யாரோ எங்கேயோ எதையோ தள்ளியிருப்பார்கள்.

பஸ் தள்ளிய வீடியோ நாங்கள் நினைத்ததை விட வேகமாகப் பரவியது. ரேஷன் கடையில் முன்பின் தெரியாத ஒருத்தி, “நீங்கதான அது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னிவாடியிலிருந்து வெங்காயம் கொண்டுவரும் வியாபாரி எடை போட்டுக்கொண்டே அதைப் பாடினார். மில்லில் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தப் பாட்டை எடுத்துருங்கம்மா. மில்லுக்குக் கெட்ட பேரு.”

“பஸ்ஸை மாத்துங்க சார். பாட்டை நாங்களே மாத்திர்றோம்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்பு விதிகளைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்றுதான் அன்று முழுக்க நினைத்தேன். போகவில்லை. வீடியோவையும் எடுக்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் பிரச்சார ஆட்டோ வந்தது. ஸ்பீக்கரில் எங்கள் மெட்டு. அடியில் பெரிய மேளம், நடுவில் எங்கள் டிரைவரின் ஹாரன்கூட. வார்த்தை மட்டும் வேறு.

“குத்துங்கடி தங்கச்சிமாரே, குத்துங்கடி! அண்ணன் சொல்லாம எது நடந்துச்சு, சொல்லுங்கடி!”

நனைந்த துணியோடு தெருவில் இறங்கி ஆட்டோவுக்கு முன்னால் நின்றேன். முன் சீட்டில் இருந்தவர் அடுத்த தெருக்காரர், கட்சியின் வார்டு பொறுப்பாளர். நல்ல மனிதர்தான், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவழைத்தவர்.

“அண்ணே, நிப்பாட்டுங்க. இது எங்க பாட்டு.”

“தெரியும் தங்கச்சி! உங்க பாட்டு இன்னைக்குத் தொகுதி பூரா கேக்குதுல்ல? எம்புட்டுப் பெருமை!”

“நாங்க தள்ளுனோம்னு பாடுனோம். நீங்க அண்ணன் சொன்னாருன்னு பாடுறீங்க. பெருமை யாருக்குண்ணே?”

அவர் சிரித்தார். “கோவப்படாதம்மா. கூட்டத்துக்கு வாங்க. அண்ணன் கையாலயே பொன்னாடை போடச் சொல்றேன்.”

“பொன்னாடை வேண்டாம்ணே. பாட்டை நிப்பாட்டுங்க.”

நிறுத்தினார். தெரு முடியும் வரைக்கும்தான். முனை திரும்பியதும் மறுபடி சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்து, “பாட்டைத் திருடிட்டாங்கன்னு ஒரு வீடியோ போடுங்கக்கா, நாங்க பரப்புறோம்” என்றார்கள். அவர்களுக்கும் என் கோபம்தான் தேவைப்பட்டது, நான் தேவைப்படவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள் என்று சொன்னால் பொய். “பொன்னாடைய வாங்கியிருக்கலாம்ல, வீணா விட்டுட்ட” என்று ஒருத்தி ஒரு வாரம் பேசவில்லை. அவள் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் யாருக்கும் யாரும் எதையும் போர்த்தியதில்லை.

தேர்தல் முடிந்து கட்சிப் பாட்டு ஓய்ந்தது. அதோடு போயிற்று என்று இருந்தேன். ஒரு நாள் காலை பஸ்ஸில் தோழி போனை என் முன்னால் நீட்டினாள்.

“அக்கா, நம்ம வீடியோவைத் தூக்கிட்டாங்க.”

திரையில் இரண்டு வரி இருந்தது. எங்கள் வீடியோவில் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு உரிமையான ஒலி இருப்பதாகவும், அதனால் அது முடக்கப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது. கம்பெனியின் பாட்டைத் தேடிப் போட்டோம். தலைப்பு வேறு, பாடியவர் வேறு. கீழே ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டு, இசையமைப்பாளர் என்று ஒருவர் பெயர். மேளம் தொடங்கும் முன் ஹாரன் கேட்டது. அதற்குப் பின்னால், விக்கல் மாதிரி இரண்டு, நீளமாக ஒரு இழுப்பு, ஒரு சீட்டி.

“யா அல்லா! அது என் சிரிப்புக்கா!” என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் வீடியோவிலிருந்து ஒலியை வெட்டிப் பாட்டில் ஒட்டியிருக்கிறார்கள். கம்பெனி அந்தப் பாட்டைத் தன் பெயரில் பதிந்துவிட்டது. சரிபார்க்கும் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு, கம்பெனிக்குச் சொந்தமான சிரிப்பை இவள் திருடிவிட்டாள் என்று முடிவு செய்திருக்கிறது. அந்த இயந்திரம் ஒரு நொடியில் எவ்வளவோ பாட்டைக் கேட்குமாம். கேட்கட்டும். எது முந்தி, எது பிந்தி என்று பார்க்கத் தெரியவில்லையே அதற்கு.

மறுப்பு எழுதினோம். எங்கள் வீடியோ நாலு மாதம் முன்பே வந்தது என்று தேதியோடு எழுதினோம். கம்பெனி நிராகரித்தது. காரணம் சொல்லவில்லை. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதிலும் தோற்றால் சேனலுக்கே ஆபத்து என்று எச்சரிக்கை வந்தது.

“விட்ருவோமாக்கா? வேற பாட்டுப் பாடிக்கலாம்,” என்றாள் தோழி.

“அதையும் எடுப்பாங்க. அதுக்கடுத்ததையும் எடுப்பாங்க. எத்தனை பாடுவ?”

அந்த இசையமைப்பாளர் வெளியூர்க்காரர் இல்லை. திண்டுக்கல்லிலேயே ஒரு ஃபிளெக்ஸ் கடைக்கு மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். விசாரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். கீழே, பிறந்தநாள் வாழ்த்து பேனர்களில் தலைவர்களும் நடிகர்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு மை காயக் காத்திருந்தார்கள். மேலே சின்ன அறை, சுவர் முழுக்க கறுப்பு ஸ்பாஞ்சு. என் வயசுதான் இருக்கும் அவருக்கு. மரியாதையாக உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“கோச்சுக்காதீங்கக்கா. கட்சிக்காரங்க ரெண்டு நாள்ல பாட்டு வேணும்னாங்க. நெட்ல இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.”

“கம்பெனிக்கு எப்படிப் போச்சு?”

“தேர்தல் முடிஞ்சதும் அவங்களா கேட்டாங்க. வார்த்தையை மாத்திக் குடுத்தேன். நாட்டுப்புறப் பாட்டுதானக்கா. யாரு பாடுனதுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். நான் இன்னும் சாகலையே.”

அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. ‘நாட்டுப்புறம்’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் பாடினால் அதில் போட்டுவிடுவார்கள். அதில் போட்டதும் பாடியவருக்குப் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, உயிரும் இருக்காது. வெளியே எடுப்பவருக்கு மட்டும் பெயர் இருக்கும். சுடிதார் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, கையில் போன் வைத்துக்கொண்டு, போன வருஷம் பைபாஸில் நின்று பாடியவள் நான். என்னைத்தான் அவர் முகம் தெரியாத பழங்காலம் ஆக்கிவிட்டார்.

“சிரிப்பு எங்க சிரிப்பு,” என்றேன். “இவ சிரிப்பு.”

“அதை எப்படிக்கா நிரூபிப்பீங்க?”

தோழியைச் சிரிக்கச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. மைக் முன்னால் நின்று, பாடம் மறந்தவள் மாதிரி விழித்தாள். “ஹா ஹா” என்றாள். கேட்கப் பாவமாக இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்போது நான் எங்கள் சூப்பர்வைசர் குரலை எடுத்து, “அந்தப் பாட்டை எடுத்துருங்கம்மா, மில்லுக்குக் கெட்ட பேரு” என்றேன். வந்தது பாருங்கள். விக்கல் இரண்டு, இழுப்பு, சீட்டி. ஸ்பீக்கர் வழியாக அறை முழுக்க நிறைந்தது.

அவர் கை டீ கிளாஸோடு அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பை எத்தனை தடவை வெட்டி ஒட்டிக் கேட்டிருப்பார். நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது, சிரிப்புக்கு ஒரு முகம் இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

“எங்க வீடியோவுல இருந்து எடுத்ததா எழுதிக் குடுங்க,” என்றேன்.

“கம்பெனியில இனி என்னைக் கூப்பிட மாட்டாங்கக்கா.”

“எங்க வீடியோவையே இல்லாமப் பண்ணிட்டாங்களே.”

தோழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எழுதித் தர்ற வரைக்கும் இங்கதான் இருப்போம்ண்ணே. இன்னைக்கு எங்களுக்கு லீவு.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு அவர் பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவி எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தரும்போது, “நானும் பாட்டு எழுதுறவன்தான்க்கா” என்றார். என்னுடைய கோபம் கொஞ்சம் இறங்கியது அந்த இடத்தில்தான். அவர் போட்ட மேளத்தையும் கட்சி சும்மாதான் வாங்கியிருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் ‘உரிமையாளர் பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம். ஒருவர் பெயர்தான் கொள்ளும். என் பெயரை மட்டும் போட்டால், கேன்டீன் அக்காவுக்கு நான் செய்வதும் அந்த இசையமைப்பாளர் எங்களுக்குச் செய்ததும் ஒன்றுதான். என் பெயரைக் கட்டத்தில் போட்டு, கீழே ‘கூடுதல் விவரம்’ என்ற இடத்தில் எந்த வரி யாருடையது என்று அன்று பஸ் தள்ளிய பதினாறு பேர் பெயரையும் எழுதினேன். ஹாரன் அடித்த டிரைவரையும் சேர்த்தேன். கூடவே அந்தக் கடிதம், போனில் இருந்த முதல் பதிவு.

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. கம்பெனி தன் உரிமைக் கோரிக்கையை விலக்கிக்கொண்டது. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. எங்கள் வீடியோ திரும்ப வந்தது. அவர்கள் பாட்டும் அப்படியே இருக்கிறது, சிரிப்பையும் ஹாரனையும் மட்டும் வெட்டிவிட்டார்கள். இப்போது பாடுவது மனுஷியே இல்லை, இயந்திரக் குரலாம். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டேன். சுதி சுத்தமாக, மூச்சே வாங்காமல் பாடியது. மேட்டில் பஸ் தள்ளுகிறவளுக்கு மூச்சு வாங்காதா? சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் எழுந்து சொன்னேன், அது எங்கள் பாட்டு என்று. சிலர் சிரித்தார்கள். சொன்னது சொன்னதுதான். அந்த மெட்டுக்காக இன்னொரு புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை மாதம் ஒன்று அனுப்புவதாக இருக்கிறோம்.

மில்லில் பஸ்ஸை மாற்றினார்கள். பாட்டுக்குப் பயந்தா, பழையது ஒரேயடியாகப் படுத்துவிட்டதா என்று தெரியாது. புது பஸ்ஸும் பழைய பஸ்தான். தள்ள வேண்டியதில்லை, ஆனால் பாதிப் பேருக்கு உட்கார இடமில்லை. ஆகவே நின்றுகொண்டே அடுத்த பாட்டு தயாராகிவிட்டது. இந்தத் தடவை வீடியோவில் முதலில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வரியையும் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பாட்டு என்று தோழி சட்டம் போட்டாள்.

கேன்டீன் அக்கா மட்டும் தயங்கினார். “என் பேரு வேண்டாம்டி. வீட்டுல ஏதாச்சும் சொல்லுவாக. கடைசி சீட்டுன்னு போட்டுக்க.”

சரி என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“போட்டுரு,” என்றார். “இனிஷியலோட போட்டுரு.”