ஓட்டுக்கு முன்பே ஏறிய பேனர்

இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகன் அங்கே மாவட்ட மன்றத் தேர்தலில் நிற்கிறான் என்று செய்தி வந்ததுதான் தாமதம், எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில் அக்கா வீட்டு வாசலில் பேனர் ஏறிவிட்டது. 'கவுன்சிலர் ஆன எங்கள் செல்லத்துக்கு வாழ்த்துகள்!'

“ஓட்டே இன்னும் போடலையே அக்கா” என்றேன்.

“கட்சியில பேரு கொடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன லா?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நாட்டில் கவுன்சிலருக்கு நாங்கள் யாரும் ஓட்டுப் போட்டதே கிடையாது. கட்சி பேர் கொடுக்கும், மாலை விழும், முடிந்தது. பிறந்ததிலிருந்து அக்கா வேறு எதைக் கண்டாள்?

முடிவு வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே விருந்து. சிறப்பு விருந்தினர், எங்கள் வட்டாரக் கவுன்சிலர். அதில் அக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக்கு முன்னால் லோங்காங் வடிகால் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கே வருகிறது. புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போயிருந்தாள். மகனும் கவுன்சிலர் என்றால் இந்த மனிதர் கொஞ்சம் அசைவார் என்று நம்பினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வந்தார். பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். லோங்காங் படத்தில் விழாதபடி சற்றுத் தள்ளி நின்றார், அனுபவசாலி. பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பாயசம் பரிமாறும்போது மகனிடமிருந்து போன். அக்கா எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, தோத்துட்டேன். மூணாவது எடம்.”

 கவுன்சிலர் பாயசத்தை ஒரு கை பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார். “மனச விட்றாதீங்கக்கா. அங்கெல்லாம் இன்னும் பழைய முறை லா. ஒவ்வொரு ஓட்டா எண்ணிக்கிட்டு இருப்பாங்க.”

“ஏம்பா தோத்த?” என்றாள் அக்கா.

“மன்றம் எங்க கட்சி கையிலதான்மா இருந்துச்சு. குப்பைய ஒழுங்கா எடுக்கல. ஜனங்களுக்குக் கோவம். எங்காளுங்க எல்லாரையும் தூக்கிட்டாங்க.”

“குப்பை எடுக்காததுக்கா?”

“ஆமாம்மா.”

தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. கவுன்சிலர் சிலுவாரை முழங்கால்வரை மடித்துக்கொண்டு காலை நாற்காலிமேல் தூக்கி வைத்தார். அக்கா கண்ணைத் துடைத்தாள். அவரைப் பார்த்தாள்.

“அப்படின்னா நீ தோத்தது சரிதான்பா” என்றாள் போனில்.