ரெண்டும் நல்லம் சேர்

றபீக்கா மேற்றன் மௌத்து. இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு.

பழைய ஆஸ்பத்திரி ஸ்டாஃபின் வட்ஸ்அப் குறூப்பில் செய்தி வந்தது... அழுகிற முகம் என்று நினைத்து நான் சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டேன்.

மகள்தான் கண்டாள். "வாப்பா, என்ன வேல பாத்திரிக்கிங்க! மௌத்துக்குச் சிரிக்கிங்களா?" போனைப் பறித்து மாற்றினாள். அதற்குள் பாதிப் பேர் பார்த்தாயிற்று.

மேற்றன் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டார். பிழையாக அழுத்துவதற்கென்றே என்னை ஒருமுறை தெரிவு செய்தவர் அவர்.

நாங்கள் வேலை பார்த்த பிரைவட் ஆஸ்பத்திரிக்குக் கொம்பியூட்டர் சிஸ்டம் வாங்கப்போன நேரம். எந்த நோயாளிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எல்லாம் டெப்பில் பதிவது. இரண்டு கொம்பனிகள் வந்தன. பார்த்துச் சொல்லும்படி முதலாளி, எங்கள் பெரிய சேர், தாதிமாருக்கெல்லாம் தலைவி என்று மேற்றனிடம் கொடுத்தார்.

கொம்பனிக்காரர்கள் டை கட்டி, திரையில் படம் காட்டினார்கள். மேற்றன் பாதியில் எழும்பிவிட்டார். "தம்பிமார், படம் போதும். வாட்டுக்கு வாங்க."

வாட்டில் தரை துடைத்துக்கொண்டு நின்றது நான். அட்டெண்டன். எட்டாம் வகுப்பு, அதுவும் இரண்டு தரம். மேற்றன் கூப்பிட்டு டெப்பை என்னிடம் நீட்டினார்.

"மேற்றன், எனக்கு இதெல்லாம் வெளங்காதே..."

"அதுக்குத்தான்டா ஒன்னக் கூப்பிட்ட. படிச்சவன் நல்லாத்தான் அழுத்துவான். ரெண்டு ஷிப்ட் சேத்து நிண்டு மருந்து குடுக்கிற மிஸ்ஸி ஒன்னப்போலதான் அழுத்துவா."

ஈரக் கையோடு அழுத்தினேன். கொம்பனிக்காரர்கள் சும்மா போட்ட நோயாளிப் பெயர்கள்தான். முதல் கொம்பனியின் டெப்பில் ஆறாம் கட்டில் ஆளின் மருந்தை ஏழாம் கட்டிலுக்குக் கொடுத்தேன். பச்சை காட்டிச் சரி என்றது.

மற்றதிலும் அதே பிழை. அது சிவந்துபோய், இந்த ஆள்தானா என்று கேட்டது. மறுகா அழுத்தினேன். விடவில்லை.

"இதான் நமக்கு" என்றார் மேற்றன்.

முடிவெடுக்கிற கூட்டத்துக்கு மேற்றன் என்னையும் கூட்டிப்போனார். பெரிய சேருக்கு முதலாவதில்தான் ஆசை. கொழும்பில் பெரிய இடங்களில் எல்லாம் அதுதானாம்.

"எனக்கிட்ட கேக்காதிங்க சேர், அழுத்திப் பாத்தவன்கிட்ட கேளுங்க." மேற்றன் என்னைக் காட்டினார்.

அந்தக் கிழமைதான் மகளுக்கு அங்கே பார்மசியில் வேலை கேட்டுப் பெரிய சேரின் வீட்டுக்குப் போய் வந்திருந்தேன்.

"என்ன, எது நல்லம்?"

"ரெண்டும் நல்லம் சேர்."

மேற்றன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கடதாசியை நாலாக மடித்தார்.

பச்சை காட்டியதை வாங்கினார்கள். ஓய்வு பெறும்வரை மேற்றன் டெப்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு மருந்தையும் அதில் எழுதவைத்து இரண்டாம் தரம் பார்க்கவைத்தார். "வயசு பெய்த்து, மேற்றனுக்குக் கொம்பியூட்டர் ஒத்துவருதில்ல" என்று கதைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது கை தவறி அல்ல.

மகளுக்கு வேலை கிடைத்தது.

பிறகு ஒருநாள் கல்முனை பஸ் ஸ்டாண்டில் மேற்றனைக் கண்டேன். "மகள் எப்பிடிடா, வேல புடிச்சிரிக்கா?" அவ்வளவுதான் கேட்டார். ஓம் என்றேன்.

பின்னேரம் அஸருக்கு ஜனாஸாத் தொழுகை. நான் பின்வரிசையில் நிற்பேன். மேற்றன், உங்கள் கப்றுக் குழியில் றப்பாகிய அல்லாஹ் வெளிச்சத்தைத் தரட்டும்.

அன்று அந்த மேசையில் என் வாய்க்குள்ளேயே இருந்தது இவ்வளவுதான்...

"சேர், மத்தது இந்த ஆள்தானாண்டு கேட்ட. இது கேக்கல்ல."